வலிக்குப் போட்ட எண்

அந்த வருஷம் போர்நிறுத்தம் வந்திருந்தது. றக்வானையிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்பது குறைந்திருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் பாஸ் பண்ணியும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்ததால் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

ஒரு நாள் காலையில் தோட்டத்து ஒபிசிலிருந்து பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒபிசுக்கு முன்னால் ஒரு வேன் நின்றது.

"ஒனக்குச் சிங்களம் நல்லா வரும்ல புள்ள? இவங்களுக்குப் பேச்சு மாத்திச் சொல்ல ஆள் வேணுமாம். ரெண்டு கெழமைக்குத்தான். போய் உதவி செய்."

வந்திருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். ஐம்பதை நெருங்கிய சிங்களப் பெண். டொக்டர் நோனா, அதாவது டொக்டர் அம்மா, என்றுதான் கடைசிவரை கூப்பிட்டோம். அடுத்தவர் எம்பிலிப்பிட்டியவைச் சேர்ந்த இளைஞர், பிசியோதெரபி படித்தவர். அவரும் சிங்களவர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். மனிதர்களின் பழக்கவழக்கங்களையும் பேச்சையும் ஆராய்ந்து பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர். அவரை நான் சேர் என்று கூப்பிட்டேன்.

தோட்டத்து ஆட்களின் வலியைப் பற்றி ஆராய வந்திருக்கிறோம் என்றார் டொக்டர் நோனா. எனக்கு அது பிடிபடவில்லை. வலித்தால் எண்ணெய் தேய்ப்போம், மிஞ்சினால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக் குளிசை வாங்குவோம். இதில் ஆராய என்ன இருக்கிறது? என் முகத்தைப் பார்த்தே அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்.

"எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தெரியும் மகள். இரத்தம் எடுத்தால் சீனி தெரியும். வலி எதிலும் தெரியாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும் உங்கள் பெண்கள் வாய் திறப்பதில்லை. ஏன் என்று என் படிப்பில் பதில் இல்லை. அதனால்தான் இவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன்."

எனக்கு ஒரேயொரு கட்டளைதான் கொடுத்தார். அவர்கள் சொல்வதை அப்படியே மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. என் அபிப்பிராயம் எதற்கும் தேவையில்லை. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பே வராத ஒரு வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு நாட்களும் ஒரே குழப்பம். கேள்விப் படிவத்தைக் கொழும்பில் யாரோ சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். சிங்களத்தில் 'வேதனாவ' என்று இருந்த இடத்திலெல்லாம் தமிழில் 'வேதனை' என்று இருந்தது. நானும் படிவத்தில் உள்ளபடியே கேட்டேன்.

"ஒங்களுக்கு வேதனை இருக்குங்களா? எவ்வளவு காலமா இருக்கு?"

முதலில் வந்து உட்கார்ந்தவர் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கொழும்பில் கடையில் நிற்கப் போன மகன் இரண்டு தீபாவளிக்கு வரவில்லை. அடுத்து வந்தவர் புருஷனின் குடியைச் சொன்னார். அதற்கடுத்தவருக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் செத்துப்போனதாம். அது நடந்து பத்தொன்பது வருஷமாகியிருந்தது. நான் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தேன். டொக்டர் நோனா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இவர்களில் ஒருவருக்காவது முதுகு வலிப்பதில்லையா?"

அப்போதுதான் துணிந்து சொன்னேன். எங்கள் பேச்சில் வேதனை என்றால் மனசில் இருப்பது. உடம்பில் இருப்பது வலி.

சேர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதை நான் எல்லோ கண்டுபிடிச்சிருக்க வேணும். எங்கட பக்கம் நோவு எண்டு சொல்லுவம். எங்க நோகுது எண்டு கேட்டால் இவைக்கு விளங்குமோ?"

"விளங்கும் சேர். ஆனா சிரிப்பாங்க."

அந்த இரண்டு நாள் படிவங்களையும் வீசிவிடலாம் என்றார் டொக்டர் நோனா. சேர் விடவில்லை. பிள்ளைக் காம்பராப் படியில் நின்று இருவரும் இங்கிலீசில் வாக்குவாதப்பட்டார்கள். பாதிதான் எனக்கு விளங்கியது. மகன் வராத தாய்க்கு இரவில் தோள் கடுக்கிறதா இல்லையா என்று கேட்காமல் எப்படி வீசுவது என்பது சேரின் கட்சி. தோளுக்கு மருந்து கொடுக்கலாம், மகனுக்கு என்ன கொடுப்பேன் என்பது டொக்டர் நோனாவின் கட்சி. கடைசியில் அந்தப் படிவங்களைத் தனியாக ஒரு கோப்பில் போட்டுக் கட்டினார்கள்.

மூன்றாம் நாளிலிருந்து வலி என்று கேட்டோம். சொற்கள் கொட்டின. ஒருத்திக்கு முழங்கால் கடுத்தது, ஒருத்திக்கு இடுப்பு இழுத்தது, ஒருத்திக்குக் காலில் எறும்பு ஊர்ந்தது, ஒருத்திக்கு விரல் விண்ணு விண்ணென்று தெறித்தது. 'கொடையுது' என்று ஒரு பெண் சொன்னபோது அதற்குச் சிங்களச் சொல் கிடைக்காமல் தவித்தேன். பென்சிலைக் கூர் சீவும் பெட்டியை எடுத்து, உள்ளே பென்சில் சுழல்வதைக் காட்டினேன். டொக்டர் நோனா நிமிர்ந்து உட்கார்ந்தார். எரிவதும் எறும்பு ஊர்வதும் என்றால் நரம்பை நினைப்பேன், தெறிப்பது என்றால் சீழை நினைப்பேன், இப்படி ஆழத்தில் குடைகிறது என்றால் எலும்பைப் பார்க்கச் சொல்வேன் என்றார். சின்ன வயதிலிருந்து வாயில் புழங்கிய சொற்களுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டேன்.

சொற்கள் வந்த அளவுக்கு எண்கள் வரவில்லை. எங்களிடம் ஒரு நீள அட்டை இருந்தது. பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை எண்களும், சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை படங்களும் இருக்கும். பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. விரலை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலும் எல்லாருமே இரண்டிலோ மூன்றிலோதான் விரலை வைத்தார்கள். கையை மேலே தூக்க முடியாமல் மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கூட மூன்று என்றார்.

"இவ்வளவுதானா?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"காலையில பிரட்டுக்குப் போறேன்ல? பேர் குடுக்கிறேன்ல? அப்பறம் அது என்னா பெரிய வலி?"

பிரட்டு என்பது விடியற்காலையில் எல்லாரும் கூடி அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம். சேர் அந்தப் பதிலை எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. டொக்டர் நோனா வேனுக்குள் இருந்தார். பிசியோ குழந்தைகளுக்குக் காகிதத்தில் கப்பல் செய்துகொண்டிருந்தார். கேள்வி கேட்டு எனக்குப் பழக்கம் வரட்டும் என்று சேர் என்முன் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "என்னை நோயாளி எண்டு நினைச்சுக் கேளுங்கோ பாப்பம்."

"ஒங்களுக்கு எங்கயாவது வலி இருக்குங்களா?"

அவர் சிரித்தபடியே வாயைத் திறந்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. "உள்ளங்கால்" என்றார்.

"எவ்வளவு காலமா?"

"ஏழெட்டு வருஷம். ஒருக்கா பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வீட்டை விடேக்க நடக்க ஏலாமல் கிடந்தது. இப்ப மழை நாளையிலதான்."

வெளியே தகரத்தில் மழை இரைந்தது. அவருடைய கால்களைப் பார்க்கக் கூடாது என்று அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படிவத்தில் அடுத்த கேள்வி அதுதான் என்பதால் கேட்டேன். "இப்ப எத்தனைங்க சேர்?"

"ஒண்டு எண்டு போடுங்கோ."

எழுதினேன். அவர் எட்டி அதைப் பார்த்தார். "பாத்தீங்களோ, இவ்வளவு படிச்சிட்டு நானும் பொய்தான் சொல்லுறன். இந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடுங்கோ." கிழித்து அடுப்பில் போட்டேன். அதன் பிறகு மழை நாட்களில் அவருக்குக் கதிரை எடுத்துப் போடுவேன்.

எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், எனக்கு அடுத்த காம்பரா அக்காவைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் தேங்காய் துருவுவது எங்கள் வீட்டில் கேட்கும். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கொழுந்து பறிப்பதில் அவர் கை அவ்வளவு வேகம். அவர் வீட்டுக்காரர் கவ்வாத்து வெட்டும் வேலை, அதிகம் பேசாதவர். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் சாதாரண தரம் எழுதவிருந்தாள்.

அவருக்கு முதுகில் வலி என்று எனக்குத் தெரிந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. காலையில் பாயிலிருந்து எழும்பும்போது அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது சுவருக்கு மேலால் கேட்கும். பிறகு "அப்பனே" என்று ஒரு சொல். பிறகு தண்ணீர்க் குடத்தை நிலத்தில் வைக்கும் சத்தம். ஒரு காலையில் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "உள்ளுக்குக் கொடையுதுடி, எலும்புக்குள்ள யாரோ ஆணிய வச்சுத் திருகுற மாதிரி." உடம்பும் இளைத்துக்கொண்டே வந்தது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

கேள்விக்கு அவருடைய முறை வந்தது. குளித்து, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார். டொக்டர் நோனாவைப் பார்த்துக் கும்பிட்டார். நான் கேட்டேன். எங்கே வலி? முதுகில கொஞ்சம். எப்படி வலி? எல்லாருக்கும் இருக்கிறதுதான். அட்டையை நீட்டினேன்.

"ரெண்டுன்னு போடு" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

நான் டொக்டர் நோனாவிடம் திரும்பி "தெகய்" என்றேன். சிங்களத்தில் இரண்டு. அவர் எழுதினார். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அன்று பின்னேரம் பீலியடியில் குடத்தை நிரப்பக் காத்திருந்தபோது அக்கா வந்தார். தண்ணீர் விழும் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினார்.

"தங்கச்சி, ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ வாயத் தொறக்காத."

"ஏன்க்கா? அவங்க மருந்து குடுப்பாங்கக்கா. நல்ல நோனா."

"மருந்து குடுத்துட்டு வேனுல ஏறிப் போயிருவாங்க. பேரு ஒபிசுல இருக்கும். மேலயத்துக்காரி முதுகு வலின்னு டொக்டர்கிட்ட துண்டு வாங்குனா. இப்ப அவளுக்கு வேலைக்குப் பேரே போட மாட்டேங்கிறாங்க. மூத்தவ சோதனை எழுதி முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் நிக்கணும். என் ஒடம்பு, நான் பாத்துக்கிறேன். சத்தியம் பண்ணு."

அவருடைய ஈரக் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அந்தக் கிழமை முடியும்போது பிசியோ கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போய் நின்றார். அவர் யாரிடமும் கேள்வி கேட்பதில்லை. பெண்கள் கூடையை இறக்குவதையும் ஏற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அக்கா கூடையை இறக்கியபோது கூடைக் கயிறு கீழே விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. முதுகைப் பலகை மாதிரி நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கி அப்படியே கீழே இறங்கினார். கயிற்றை எடுத்தபின் தொடையில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை என்று ஊன்றி ஊன்றித் தன் உடம்பிலேயே ஏறி எழும்பினார். நான் அதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அக்கா அப்படித்தான் எழும்புவார் என்று விட்டிருந்தேன்.

பிசியோ என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். தங்கச்சி என்ற முறையில் என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, அந்தப் பெண் எத்தனை என்று சொன்னார்?"

"இரண்டு."

"வாய் இரண்டு என்கிறது. முதுகு இரண்டு என்று சொல்லவில்லை. நீங்கள் பக்கத்து வீடுதானே? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சத்தியம் இருந்தது. கூட்டாதே குறைக்காதே என்ற கட்டளையும் இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் நின்றதால் எனக்குச் சுலபமாகிவிட்டது. தெரியாது என்றேன். அப்படியென்றால் எப்படியாவது அவரை இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள், ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். டொக்டர் நோனாவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அக்கா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். வேன் போய்விட்டது.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து இரண்டு கிழமையிருக்கும். காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. குடம் வைக்கும் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூத்த மகள் ஓடி வந்தாள். "அக்கா, அம்மாவுக்குக் காலு வரலக்கா."

பாயில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே மரக்கட்டை மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கேட்டபடியே இருந்தார். அக்கா முகட்டைப் பார்த்துக்கொண்டு, "வுடுங்க, பிரட்டுக்கு நேரமாச்சு, நீங்க போங்க" என்றார்.

கொழுந்து லொறியில் சாக்குகளை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். அந்த ரோட்டில் வளைவுகளை எண்ணவே முடியாது. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு உருளாமல் நானும் வீட்டுக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். றக்வானையில் பார்த்துவிட்டு உடனே அம்புலன்சில் ஏற்றினார்கள். காவத்தை, பெல்மதுளை தாண்டி இரத்தினபுரி போய்ச் சேரும்வரை அக்கா ஒரு சத்தமும் போடவில்லை. என் கை விரல்களை மட்டும் நெரித்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது என் மோதிர விரல் வீங்கியிருந்தது.

கொமியூனிகேஷன் கடையிலிருந்து டொக்டர் நோனாவுக்குப் போன் பண்ணினேன். அவர் அன்றே வந்தார். வார்டு டொக்டர் கேட்டதற்கெல்லாம் நான் சிங்களத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு காலமாக வலி? அக்காவைக் கேட்காமலே சொன்னேன். ஒன்றரை வருஷம். எப்படிப்பட்ட வலி? உள்ளே குடையும் வலி. உடம்பு இளைத்ததா? ஆமாம். பின்னேரத்தில் காய்ச்சல், வேர்வை? ஆமாம், இரண்டும். டொக்டர் நோனா கட்டிலின் மற்றப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முள்ளந்தண்டில் காசநோய். நெஞ்சில் மட்டும்தான் காசம் வரும் என்று நினைத்திருந்தோம். எலும்புக்கும் வருமாம். இரண்டு எலும்புகள் அரித்து இடிந்து நரம்பை நெரித்துக்கொண்டிருந்தன. ஒப்பரேஷன் செய்ய வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து குடிக்க வேண்டும், நடப்பாரா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

வெளி விறாந்தையில் டொக்டர் நோனா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "குடையும் வலி என்று உனக்குத் தெரிந்திருந்தது."

"தெரியும் டொக்டர்."

"எப்போதிலிருந்து?"

"நீங்கள் வருவதற்கு முன்னமே."

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் அபிப்பிராயம் தேவையில்லை என்று சொன்னது நான்தான்" என்றார். அதைவிட ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபடி அழுதேன். அவர் என் முதுகில் கையை வைக்கவும் இல்லை, எழும்பிப் போகவும் இல்லை.

ஒப்பரேஷன் முடிந்து இரண்டாம் நாள் போனபோது அக்கா விழித்திருந்தார். உதடு வெடித்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. டொக்டர் நோனா அதே நீள அட்டையைக் கொண்டு வந்திருந்தார். என் கையில் தந்தார். "நீயே கேள். இது எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சொல்லு. அதை நாம் ஒருவருக்கும் சொல்லவே இல்லை."

நான் குனிந்து சொன்னேன். "அக்கா, இது ஒபிசுக்குப் போற கணக்கு இல்ல. நீங்க எத்தனைன்னு சொல்றீங்களோ அதுக்குத் தக்கன ஊசி போடுவாங்க. வலி கொறையும்."

அவர் அட்டையைப் பார்த்தார். விரலைத் தூக்கினார். அது இரண்டைத் தாண்டி, ஐந்தைத் தாண்டிப் போனது. "எட்டு" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லவே வெட்கப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேர்ஸ் வந்து ஊசி போட்டார். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் என் கையை நெரித்துப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"சொன்னா கொறப்பாங்களா?"

"கொறப்பாங்கக்கா."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றார். பிறகு தூங்கிவிட்டார். அவர் வாய் பிளந்து, குறட்டையோடு தூங்குவதை அப்போதுதான் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் கட்டில் காலடியில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்டபடி அழுதார்.

ஐந்து மாதம் அவர் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தார். ஊசியாலும் குளிசையாலும் வலி குறைந்தபோது பிசியோ வந்து காலை அசைக்கப் பழக்கினார். வலியே இல்லாமல் ஆக்க என்னால் முடியாது, எந்த வலியை நம்பி நடக்கலாம், எந்த வலி வந்தால் நிற்க வேண்டும் என்று காட்டித் தருகிறேன் என்பார். அதை நான் தமிழில் சொல்வேன். நான் வராத நாட்களில் அக்கா தன் உடைந்த சிங்களத்தில் அவரோடு சண்டை பிடிப்பார். சேர் வந்தால் மருந்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து லயத்துக் கதை கேட்பார். பீலியடியில் என்னிடம் சத்தியம் வாங்கிய கதையை அவரிடம்தான் அக்கா சொன்னார். வலியைக் காட்டினால் பேரை வெட்டுவார்கள் என்ற பயத்தையும் சொன்னார். அதை சேர் டொக்டர் நோனாவிடம் சொன்னதும் அவர் தோட்டத்து ஒபிசுக்கு நேரில் வந்து பெரிய கிளாக்கரோடு பேசினார். நோயாளியின் பேர் ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கும் போகாது என்று படிவத்தின் முதல் வரியிலேயே அச்சடித்தார்கள்.

இரத்தினபுரியில் ஆராய்ச்சிக்காரர்களின் கூட்டம் ஒன்று நடந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பவள் தனக்குத் தெரிந்ததைச் சொல்லலாமா கூடாதா என்று ஒரு முழுக் காலையும் பேசினார்கள். சொல்லத் தொடங்கினால் யார் வலி யாருடைய வாயில் வருகிறது என்று தெரியாமல் போகும் என்றார் ஒருவர். அது சரி என்றுதான் எனக்கும் பட்டது. என்னைக் கேட்டபோது எழுந்து நின்றேன். "எனக்குத் தெரிந்ததை எழுத ஒரு இடம் இருந்திருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது" என்றேன். அதன் பிறகு வந்த படிவங்களில் கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. மொழிபெயர்ப்பவர் கண்டது, கேட்டது என்று அதற்குத் தலைப்பு. நோயாளியின் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அதை நிரப்ப வேண்டும். எத்தனை வலி என்று கேட்பதற்கு முன்னால், வலியால் எந்த வேலையை இப்போது வேறு மாதிரிச் செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வியும் சேர்ந்தது. அது பிசியோ போட்டது. அதற்குப் பெண்கள் தாராளமாகப் பதில் சொன்னார்கள்.

அக்கா நடந்தார். கைத்தடியோடு, கொஞ்சம் முன்னுக்கு வளைந்து. மலைக்குப் போக முடியாது என்று டொக்டர் நோனா துண்டு எழுதினார். பிள்ளைக் காம்பராவில் இலகு வேலை கேட்டோம். காசம் வந்த கை நம் பிள்ளையைத் தூக்குவதா என்று தாய்மார் சிலர் மறித்தார்கள். மருந்து முடிந்துவிட்டது, தொற்றாது என்று டொக்டர் கொடுத்த கடிதத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வாசித்தேன். என் அண்ணன் மகளைத்தான் முதலில் அக்காவின் மடியில் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருத்தி ஒரு கிழமைக்குப் பிறகு தன் பிள்ளையைக் கொண்டு வந்தாள். மூத்த மகள் அந்த வருஷம் சோதனை எழுதவில்லை. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் எழுதி, கணக்கில் மட்டும் தவறினாள். இப்போது எம்பிலிப்பிட்டியவில் ஒரு கடையில் நிற்கிறாள்.

ஆராய்ச்சி பல வருஷம் இழுத்து, இரண்டாயிரத்து ஒன்பதில்தான் புத்தகமாக வந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் சேர் வருவதை நிறுத்தியிருந்தார். அவருடைய அக்கா குடும்பம் வன்னிக்குள் அகப்பட்டிருந்தது என்று டொக்டர் நோனா சொன்னார். போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆவணி மாதம் ஒரு நாள் அவரே புத்தகத்தைக் கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அக்காவின் பிள்ளைகள் இரண்டும் முகாமில் இருக்கினம், அக்காவும் அத்தானும் இல்லை என்று மட்டும் சொன்னார். எங்கள் அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு புத்தகத்தைத் திறந்தேன். இங்கிலீஸ். எனக்கு விளங்கிய அளவில் அக்காவுக்கு வாசித்துச் சொன்னேன். ஒரு பக்கத்தில் நாற்பது வயதான தொழிலாளி ஒருத்தியைப் பற்றி இருந்தது. இரண்டு என்று சொன்னார், மூன்று மாதம் தாமதமானது, காரணம் இன்னது என்று ஒன்பது வரிகள். அக்கா அந்த வரிகளின் மேல் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்க்கா."

ஏழு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குக் கேட்டேன். "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்னு ஒங்களுக்குக் கோவம் இல்லையாக்கா?"

தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. அக்கா தடியை ஊன்றி எழும்பினார்.

"சொல்லியிருந்தீன்னா நான் இன்னைக்கு நிமிந்து நடந்திருப்பேன். ஒங்கூடப் பேச்சு இருந்திருக்காது. அதுவும் நெசம், இதுவும் நெசம். எதுக்கு அதப் போட்டுக் கொடையுற?"

தொட்டிலருகே போய், முதுகைக் காத்துக்கொண்டு முழங்காலை மடக்கி, பிள்ளையின் வயிற்றில் கையை வைத்தார். "எங்கடா வலிக்குது?" என்று கேட்டார். பிள்ளைக்கு எட்டு மாதம். நான் புத்தகத்தை மூடிவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.